பேக்ஹேண்ட் ஆடும் கால்கள்

நம் காலனி கோர்ட்டில் காலை வேளையில் டென்னிஸ் ஆட வருகிறவர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பதினொரு பேர். அவர்களில் நான்கு பேர் முழங்கைக்குக் கீழே பட்டை கட்டிக்கொண்டு வருகிறார்கள். இன்னும் இருவர் சென்ற ஆண்டோடு மட்டையைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். ஆறு பேரும் சொல்வது ஒன்றுதான்: "பேக்ஹேண்ட் அடித்தால் முழங்கை விண்ணென்று தெறிக்கிறது, சார்." மட்டையை மாற்றிப் பார்த்தார்கள், புதிதாக நரம்பு கட்டிப் பார்த்தார்கள், தைலம் தேய்த்தும் பார்த்தார்கள். கால்களைப் பற்றி மட்டும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓரிடத்தில் வண்டி தூக்கிப் போடுகிறது என்று டிரைவர் எழுதிக் கொடுத்தால், நாங்கள் வண்டியைப் பார்க்கப் போகமாட்டோம். அந்த இடத்துக்குப் போய்க் குனிந்து ஜல்லியைப் பார்ப்போம். ஆட்டம் மேலே தெரியும். காரணம் கீழே கிடக்கும். பேக்ஹேண்டும் அப்படித்தான் என்பது, நாற்பது வருடமாக ஆடியும் பிறர் ஆடுவதைக் கவனித்தும் நான் கண்டது. பட்டை கட்டியிருக்கும் நண்பர்களையும், பேரக் குழந்தைகளை டென்னிஸ் வகுப்பில் சேர்த்திருக்கும் அன்பர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். எல்லாம் வலக்கை ஆட்டக்காரரை வைத்தே சொல்லியிருக்கிறேன். இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ளவும்.

முதலில் ஃபோர்ஹேண்டுக்கும் பேக்ஹேண்டுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம். ஃபோர்ஹேண்ட் ஆட உடம்பைத் திருப்பினால், மட்டை பிடித்த தோள் வலையிலிருந்து விலகிப் பின்னால் போகிறது. அடிக்கும்போது அது முன்னால் வருகிறது. ஆகையால் கொஞ்சம் தாமதமானாலும் முழங்கையை மடக்கி, மணிக்கட்டைச் சுழற்றி, எப்படியோ பந்தை அந்தப் பக்கம் அனுப்பிவிடலாம். ஒற்றைக் கை பேக்ஹேண்டில் மட்டை பிடித்த தோள் முதலிலேயே வலைப் பக்கம் இருக்கிறது. அதைவிட முன்னால் கொண்டுபோக இடமில்லை. பந்தை முன்காலுக்கும் முன்னே, சுமார் ஓர் அடி தள்ளிச் சந்தித்தால்தான் கை நீண்டு, மணிக்கட்டு உறுதியாக நின்று, உடம்பின் எடை பந்தின் பின்னால் வரும். அந்த இடத்தைத் தாண்டிப் பந்து உள்ளே வந்துவிட்டால் சமாளிக்கக் கையில் சரக்கு கிடையாது. முழங்கையை முன்னே நீட்டி, பந்தைத் தட்டிவிடத்தான் முடியும்.

ஃபோர்ஹேண்ட் தாமதத்தை மன்னிக்கும், பேக்ஹேண்ட் மன்னிக்காது என்று பழைய மார்க்கர்கள் சொல்வார்கள். காரணம் இந்தத் தோள் கணக்குதான்.

ஒன்றரை வினாடிக்குள்

கோர்ட்டின் நீளம் 78 அடி, அதாவது 23.77 மீட்டர். நம்மைப் போன்றவர்கள் அடிக்கும் பந்து, காற்றிலும் தரையிலும் இழக்கும் வேகத்தையும் சேர்த்துச் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 16.7 மீட்டர். ஒரு பேஸ்லைனிலிருந்து மறு பேஸ்லைனுக்கு வந்து சேர ஏறக்குறைய 1.4 வினாடி. பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று கண்டுகொள்ளவே குறைந்தது கால் வினாடி போய்விடும். மட்டையை முன்னால் வீச இன்னொரு கால் வினாடி. மிஞ்சுவது 0.9 வினாடி. இந்த முக்கால் சொச்சம் வினாடிக்குள் கால்கள் தங்கள் வேலையை முடித்திருக்க வேண்டும்.

நம் நண்பர்கள் இந்த நேரத்தை எப்படிச் செலவு செய்கிறார்கள் என்று கோர்ட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பந்து வலையைத் தாண்டும் வரை சும்மா நிற்கிறார்கள். தரையில் பட்டு எழும்பும்போது ஒரு கால் வைக்கிறார்கள். பிறகு கை மட்டும் போகிறது. 0.9 வினாடியில் அரை வினாடிக்கு மேல் வீண்.

இதைத் தவிர்க்கத்தான் ஸ்ப்ளிட் ஸ்டெப் என்ற சிறு குதி இருக்கிறது. தொலைக்காட்சியில் பெரிய ஆட்டங்களைப் பார்க்கும்போது ஐந்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஒருவருடைய பாதங்களை மட்டும் பாருங்கள். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் கணத்தில் இவருடைய இரண்டு பாதங்களும் தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியிருக்கும். பந்து கிளம்பிய பிறகு, தோள் அகலத்துக்குச் சற்று அதிகமாகக் கால்களை அகட்டி, பாதத்தின் முன்பகுதி படும்படி இறங்குவார். முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இறங்கும்போது தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் சுருள்வில் போல இழுபட்டு நிற்கின்றன. அந்த இழுப்பில்தான் முதல் அடி பாய்கிறது. குதிகாலில் சாய்ந்து நிற்பவர் முதலில் எடையை முன்பாதத்துக்கு மாற்றி, அப்புறம்தான் கிளம்ப முடியும். அறுபது வயதில் உயரமாகக் குதிக்கத் தேவையில்லை. குதிகால் தரையை விட்டு எழுந்து இறங்கினாலே போதும்.

அடுத்தது திரும்புதல். பேக்ஹேண்ட் பக்கம் வருகிறது என்று தெரிந்ததும் பலர் முதலில் மட்டையைப் பின்னுக்கு இழுக்கிறார்கள். முதலில் திரும்ப வேண்டியது தோள்கள். இடக்கை மட்டையின் கழுத்தைப் பிடித்திருக்கட்டும். இடக்கை இழுக்க, இரண்டு தோள்களும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும். மட்டை தானாகவே பின்னால் போய்விடும். அதே நேரத்தில் இடது பாதம் பக்கவாட்டைப் பார்க்கத் திரும்பி எடையை வாங்கிக்கொள்ள வேண்டும். லோகோ ஷெட்டில் எஞ்சினைத் திருப்பும் டர்ன்டேபிளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். எஞ்சின் ஒரு பக்கம், டெண்டர் ஒரு பக்கம் என்று திரும்புவதில்லை. மேடை திரும்புகிறது, மேலே இருப்பதெல்லாம் கூடவே திரும்புகிறது. முழுத் திருப்பம் என்றால், எதிராளிக்கு நம் வலது தோள்பட்டையின் பின்புறம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

பிடியையும் இந்த இடைவெளியில்தான் மாற்ற வேண்டும். கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள் உண்டு. மட்டையை நிமிர்த்தி, விளிம்பு தரையைப் பார்க்கப் பிடித்தால், ஓங்கி அடிக்கும் பேக்ஹேண்டுக்கு ஆள்காட்டி விரலின் அடிமூட்டு உச்சிப் பட்டையில் உட்கார வேண்டும். ஸ்லைஸ் அடிக்க அதற்கு வலப்பக்கம் அடுத்த பட்டை. பிடி பற்றி இவ்வளவு போதும். இதைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் நகர்வதைத்தான் காணோம்.

பெரிய அடி, சிறிய அடி

பந்தை நோக்கிப் போகும்போது முதல் இரண்டு அடிகள் பெரிதாக இருக்கலாம். பந்தை நெருங்கியதும் அடிகள் சுருங்க வேண்டும். நிலையத்துக்குள் நுழையும் வண்டி கடைசி நூறு மீட்டரில் எப்படிச் சிறிது சிறிதாக இடத்துக்கு வருகிறதோ, அப்படி. தேர்ந்தவர்கள் ஓர் அடிக்கு முன்னால் ஐந்தாறு சிறு காலடிகளாவது வைப்பார்கள்; அவர்களுடைய காலணி தரையில் கீச்கீச்சென்று உரசும் சத்தம் அதுதான். நம் கோர்ட்டில் அந்தச் சத்தம் கேட்பதேயில்லை.

இந்தச் சிறு அடிகள் எதற்கு? பந்து எட்டவில்லை என்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். நான் கவனித்த வரையில் வயதானவர்களின் பேக்ஹேண்ட் கெடுவது பெரும்பாலும் பந்து எட்டாமல் அல்ல, பந்து உடம்புக்கு மிகவும் அருகில் வந்துவிடுவதால். நேரே பந்தின் பாதையிலேயே ஓடிப்போய் நின்றுவிடுகிறார்கள். பந்து வயிற்றுக்கு நேரே வருகிறது. கையை நீட்ட இடமில்லாததால் முழங்கை மடங்கி முன்னே துருத்துகிறது. நீட்டிய கை, மட்டையின் தலைவரை உள்ள தூரம், இரண்டும் சேர்ந்த இடைவெளியைப் பக்கவாட்டில் விட்டுத்தான் நிற்க வேண்டும். அந்த இடைவெளியை அரை அடி கூட்டிக் குறைத்துச் சரிசெய்வதற்கே சிறு அடிகள்.

கடைசி இரண்டு காலடிகள்தான் அடியின் அஸ்திவாரம். முதலில் இடது கால், அதாவது பின்கால், ஊன்ற வேண்டும். முழங்கால் மடங்கி உடம்பின் எடை முழுவதும் அதில் இறங்க வேண்டும். பிறகு வலது கால் முன்னால் போகிறது. எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி. வலையை நோக்கிச் சாய்வாக, ஏறத்தாழ 45 டிகிரி கோணத்தில் வைப்பது நல்லது. குதிகால் முதலில் பட்டு, பிறகு பாதம் முழுவதும் படிய வேண்டும். பேஸ்லைனுக்கு இணையாக, குறுக்கே காலைப் போட்டால் என்ன ஆகும்? இடுப்பு பூட்டிக்கொள்ளும். எடை பக்கவாட்டில் போகும், பந்து போக வேண்டிய திசையில் போகாது. மீறி உடம்பைத் திருப்பினால் ஊன்றிய வலது முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பந்து மிகவும் அகலமாக வந்தால் குறுக்கே கால் போட்டே ஆகவேண்டும், வேறு வழியில்லை. அதை எல்லாப் பந்துக்கும் வழக்கமாக்கிக்கொள்வதுதான் தவறு.

வலது கால் ஊன்றியதும் பலம் கீழிருந்து மேலே ஏறத் தொடங்குகிறது. பாதம் தரையைத் தள்ளுகிறது, முழங்கால் நிமிர்கிறது, இடுப்பு திரும்புகிறது, முதுகு, தோள், முன்கை, கடைசியில் மட்டை. சரக்கு வண்டி புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் இழுத்ததும் எல்லா வேகன்களும் ஒரே நேரத்தில் நகர்வதில்லை. கப்ளிங்குகள் டக், டக் என்று ஒவ்வொன்றாக இறுகி, கடைசியில்தான் பிரேக் வேன் அசையும். பேக்ஹேண்டில் கை அந்தப் பிரேக் வேன். 70 கிலோ எடையுள்ளவரின் ஒரு கை சுமார் மூன்றரை கிலோதான். அதை வைத்து மட்டும் அடிப்பது, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிரேக் வேனைக் கையால் தள்ளி வண்டியை நகர்த்தப் பார்ப்பதற்குச் சமம்.

இடக்கையை மறந்துவிடக் கூடாது. மட்டை முன்னால் போகும் தருணத்தில் இடக்கை அதை விட்டுவிட்டுப் பின்னால் நீள வேண்டும். ஃபெடரர், வாவ்ரிங்கா போன்றவர்களின் புகைப்படங்களில் இரண்டு கைகளும் இறக்கை விரித்ததுபோல இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது போஸ் கொடுப்பதற்காக அல்ல. வலக்கை ஒரு பக்கம் வீசப்படும்போது இடக்கை மறுபக்கம் போனால்தான் மார்பு சீக்கிரம் வலைப்பக்கம் திரும்பிவிடாமல் நிற்கும். மார்பு திரும்பிவிட்டால் மட்டை பந்தைக் குறுக்கே அறுக்கும். பந்து பக்கக் கோட்டுக்கு வெளியே போகும்.

தாழ்ந்து வரும் பந்துக்கு முழங்காலை மடக்க வேண்டும், இடுப்பை அல்ல. இடுப்பை வளைத்துக் குனிந்தால் கண்ணின் மட்டமும் தோளின் மட்டமும் கலைந்துவிடுகின்றன. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் காலை இன்னும் அகலமாக வைத்துத் தாழலாம். தோளுக்கு மேல் எழும்பி வரும் பந்துதான் ஒற்றைக் கைக்காரருக்குப் பெரும் தொல்லை, ஏனென்றால் அந்த உயரத்தில் கைக்குப் பலம் கிடையாது. அதற்கு விடையும் காலில்தான். ஒன்று, இரண்டு அடி முன்னே போய், பந்து எழும்பும்போதே அடித்துவிட வேண்டும். அல்லது நாலு அடி பின்னே போய், அது இறங்கி இடுப்பு மட்டத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இடக்கைக்காரரான நடால் கனத்த டாப்ஸ்பின்னோடு ஃபெடரரின் பேக்ஹேண்ட் பக்கமே பந்தை எழுப்பி எழுப்பி எத்தனையோ ஆட்டங்களை வென்றவர். 2017-இல் ஆஸ்திரேலிய ஓபன் இறுதியாட்டத்தில் 35 வயது ஃபெடரர் பேஸ்லைனை ஒட்டியே நின்று, பந்து எழும்பும்போதே முன்னேறி அடித்தார். ஐந்து செட்டில் வெற்றி பெற்றார். கையில் இருந்த வித்தை பழையதுதான்; நின்ற இடம் மாறியிருந்தது.

முழங்கைக் கணக்கு

இப்போது பட்டை கட்டிய நண்பர்களுக்கு. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பந்தின் எடை விதிப்படி 56 கிராமுக்கும் 59.4 கிராமுக்கும் இடையில் இருக்க வேண்டும். 58 என்று வைத்துக்கொள்வோம். தரையில் பட்டு எழும்பி வரும்போது வேகம் மணிக்கு 36 கி.மீ., அதாவது வினாடிக்கு 10 மீட்டர். நாம் அடித்துத் திருப்பி அனுப்பும் வேகம் 72 கி.மீ., வினாடிக்கு 20 மீட்டர். திசையும் மாறுவதால் மொத்த மாற்றம் வினாடிக்கு 30 மீட்டர். பந்து நரம்பில் ஒட்டியிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. பெருக்கி வகுத்தால் சராசரி விசை சுமார் 350 நியூட்டன் வரும். நமக்குப் பழகிய கணக்கில் 35 கிலோ!

பயப்பட வேண்டாம், இது முழுவதும் கைக்கு வருவதில்லை. பந்து மட்டையின் நடுவில் பட்டால் பெரும்பகுதியை மட்டையின் எடையே வாங்கிக்கொள்ளும். ஆனால் நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, விளிம்புப் பக்கம் பட்டால் மட்டை முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு, ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் ஒன்றேமுக்கால் கிலோ எடையைத் திடீரென்று தொங்கவிட்டதற்குச் சமம். அதில் மட்டை தாங்கியது போக மிச்சத்தைத் தடுத்து நிறுத்துவது முன்கையின் தசைகள். ஒரு காலை ஆட்டத்தில் இருநூறு முறை பேக்ஹேண்ட் அடிக்கிறோம் என்றால் இருநூறு முறை.

மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாகத் தூக்கிப் பிடிக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் வந்து ஒட்டியிருக்கின்றன. அங்கே தசைநாண் நைந்து போவதைத்தான் டென்னிஸ் எல்போ என்கிறார்கள். டென்னிஸ் ஆடாதவர்களுக்கும் வரும். பெயிண்டர்கள், தச்சர்கள், நாள் முழுவதும் ஸ்பேனர் திருகும் ஃபிட்டர்கள் எல்லாருக்கும் வரும்.

1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பயன்பட்டது. தேர்ந்தவர்களும் புதியவர்களும் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் அடிப்பதை அளந்து பார்த்தார்கள். பந்து படும் தருணத்தில் தேர்ந்தவர்களின் மணிக்கட்டு புறங்கைப் பக்கமாகச் சுமார் 23 டிகிரி சாய்ந்திருந்தது. அடியின்போது மேலும் அதே பக்கம் போனது. புதியவர்களுக்கோ உள்ளங்கைப் பக்கமாகச் சுமார் 13 டிகிரி மடங்கியிருந்தது. அடி பட்டதும் இன்னும் மடங்கியது. அதாவது தசை சுருங்கி எதிர்க்கும் நேரத்திலேயே வலுக்கட்டாயமாக இழுக்கப்படுகிறது. கயிறு நைவது இப்படி இழுபடும்போதுதான்.

இதைக் கேட்டதும் பலர், "சரி, மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறேன்" என்று கிளம்புவார்கள். அது உதவாது. பந்து தாமதமாக, உடம்புக்கு அருகில் வந்துவிட்டால் மணிக்கட்டு தானாகவே மடங்கும், வேறு எப்படியும் மட்டையைப் பந்தின் பின்னால் கொண்டுவர முடியாது. பந்தை முன்னால் சந்தித்தால் மணிக்கட்டு தானாகவே சரியாக இருக்கும். முன்னால் சந்திக்க வேண்டுமானால் வலது கால் நேரத்துக்கு ஊன்றியிருக்க வேண்டும். அதற்கு இடது கால் அதற்கு முன்பே ஊன்றியிருக்க வேண்டும். அதற்குத் தோள் அதற்கும் முன்பே திரும்பியிருக்க வேண்டும். முழங்கை வலியிலிருந்து பின்னோக்கி நடந்து போனால், எதிராளி அடித்த கணத்தில் குதிகாலில் சாய்ந்து நின்றிருந்தோமே, அங்கே போய்ச் சேர்கிறோம். மட்டையின் கனம், கைப்பிடியின் பருமன், நரம்பின் இறுக்கம் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டுதான். வலி இப்போதே இருக்கிறவர்கள் முதலில் டாக்டரிடம் காட்டி, அவர் சொல்லும்வரை ஓய்வெடுக்கவும். கால் பாடம் அதற்குப் பிறகு.

இரண்டு கையா, ஒரு கையா?

பேரனுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டு கைகளால் அடிப்பது 1930-களிலேயே ஆஸ்திரேலியாவில் மெக்ராத், பிராம்விச் போன்றவர்களிடம் இருந்தது. 1970-களில் கானர்ஸ், போர்க், கிறிஸ் எவர்ட் வந்த பிறகு அது உலக வழக்கமாயிற்று. ஆண்களின் உலகத் தரவரிசை 1973-இல் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் முதன்முறையாக முதல் பத்துப் பேரில் ஒற்றைக் கைக்காரர் ஒருவர்கூட இல்லாத நிலை வந்தது.

இரண்டு கை அடியில் இடக்கையே பெரும்பாலான வேலையைச் செய்கிறது. இடக்கைக்காரரின் ஃபோர்ஹேண்ட் மாதிரி. பந்தை இன்னும் கொஞ்சம் உடம்புக்கு அருகில், கொஞ்சம் தாமதமாகச் சந்தித்தாலும் தாங்கும். கால்களைத் திறந்து வைத்துக்கொண்டும் ஆடலாம், ஏனென்றால் இடுப்பும் தோளும் சேர்ந்து முழுவதுமாகத் திரும்பிவிடுகின்றன. எட்டும் தூரம் மட்டும் குறைவு, ஆகையால் அகலப் பந்துக்கு ஓர் அடி கூடுதலாக ஓட வேண்டும். எட்டு வயதுக் குழந்தையின் மணிக்கட்டுக்கு இரண்டு கைதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். ஆனால் இடக்கையை விட்டுவிட்டு ஒரு கையால் ஸ்லைஸ் அடிக்கவும் கூடவே பழக்கிவிடுங்கள்.

நம் தலைமுறைக்கு ராமநாதன் கிருஷ்ணன்தான் முன்மாதிரி. 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் அங்கே அரையிறுதி. அவரும், 1979-இல் அதே ஜூனியர் பட்டத்தை வென்ற மகன் ரமேஷும் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஆடியவர்கள். இருவரும் புயல் வேக சர்வீஸ் போட்டவர்கள் அல்ல. பந்தை வைக்க வேண்டிய இடத்தில் வைத்து ஜெயித்தவர்கள். குடகுக்காரர் ரோகன் போபண்ணாவும் ஒற்றைக் கைதான். 2024-இல் 43 வயதில் ஆஸ்திரேலிய ஓபன் ஆண்கள் இரட்டையர் பட்டம் வென்றார்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஸ்லைஸ். ஆஸ்திரேலியாவின் கென் ரோஸ்வால் அதன் சக்கரவர்த்தி. இயற்கையில் இடக்கைக்காரரான அவரை அவருடைய தந்தை வலக்கையால் ஆடப் பழக்கினார். 1974-இல் 39 வயதில் விம்பிள்டன், அமெரிக்க ஓபன் இரண்டிலும் இறுதியாட்டம் வரை போனார். இரண்டிலும் 21, 22 வயது கானர்ஸிடம் தோற்றார் என்பது வேறு விஷயம். ஸ்லைஸில் மட்டை மேலிருந்து கீழாக, முன்னோக்கிப் போகிறது. முழங்காலை வேகமாக நிமிர்த்தும் வேலை இல்லை. வலது கால் சற்று முன்னதாகவே ஊன்றி, எடை அதன்மேல் போய், அடித்த பிறகும் அங்கேயே தங்க வேண்டும். வலையை நோக்கி முன்னேறிக்கொண்டே அடிப்பதானால், இடது கால் வலது காலுக்குப் பின்புறமாகக் குறுக்கே போக வேண்டும். முன்புறமாக வந்தால் மார்பு திரும்பிவிடும். பின்னால் போனால் உடம்பு பக்கவாட்டிலேயே நின்று பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு போகும். பார்க்கக் கோலாட்டக் கால் மாதிரி இருக்கும். நான்கு நாளில் பழகிவிடும்.

அடித்த பிறகு நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. ஓங்கி அடித்தபின் இடது கால் சுற்றி வந்து பிரேக் போட வேண்டும், உடனே பக்கவாட்டு அடிகளில் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

பழகும் முறை

பந்தும் மட்டையும் இல்லாமல் தொடங்குங்கள். வராந்தாவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதை பேஸ்லைனாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 45 டிகிரியில் இன்னொரு கோடு. சிறு குதி, தோள் திருப்பம், இடது கால், வலது கால். வலது கால் சாய்வுக் கோட்டில் விழ வேண்டும். வாய்விட்டு எண்ணுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

பிறகு நண்பர் ஒருவர் பந்தை ஒரு முறை எழும்பும்படி மெதுவாகப் போடட்டும். மட்டை இல்லாமல், வலது காலை முன்வைத்து, வலக்கையை நீட்டி, முன்காலுக்கு ஓர் அடி முன்னால் பந்தைப் பிடியுங்கள். உடம்புக்கு அருகில் பிடித்தால் அது கணக்கில் சேராது. இருபதில் பதினைந்து சரியாக வந்தால் மட்டையை எடுக்கலாம். மட்டையோடு அடிக்கும்போது ஒரே ஒரு விதி: அடித்த நிலையிலேயே, பந்து எதிர்ப்பக்கம் தரையில் படும்வரை ஆடாமல் நில்லுங்கள். இது பழகுவதற்கு மட்டும்தான், ஆட்டத்தில் அல்ல. தள்ளாடினால் கால் தப்பாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

தலைக்கு மேலே போகும் பந்துக்குப் பின்னோக்கி ஓடாதீர்கள், திரும்பி ஓடுங்கள். நம் வயதில் மல்லாந்து விழுந்தால் மணிக்கட்டோ இடுப்போ போய்விடும். இங்கே நாக்பூர்க் கோடையில் எட்டு மணிக்கு மேல் சிமெண்ட் கோர்ட்டில் நிற்கவே வேண்டாம். களைத்த கால்தான் முதலில் தாமதிக்கும்.

கடைசியாகக் காலணி. பத்தாயிரம் ரூபாய் மட்டை வைத்திருப்பவர் நடைப்பயிற்சிக்கு வாங்கிய ஷூவோடு ஆடுகிறார். ஓடுவதற்கான ஷூவில் குதிகால் உயர்ந்து, அடிப்பாகம் மெத்தென்று இருக்கும். நேராக ஓட அது சுகம். பக்கவாட்டில் சட்டென்று நிறுத்தினால் கணுக்கால் அதன்மேல் புரண்டுவிடும். டென்னிஸுக்கென்று உள்ள ஷூ தட்டையாக, பக்கச் சுவர் கெட்டியாக இருக்கும். மண் கோர்ட்டுக்கு அடிப்பாகம் முழுவதும் நெருக்கமான மீன்முள் வரிகள் உள்ளதாகப் பார்த்து வாங்கவும். கடையில் மாலை வேளையில், ஆடும்போது போடும் கனமான சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு.